வாளித் தண்ணீரும் பிடியரிசியும்

(வானொலியில் ஒலிபரப்பான தவக்கால மறையுரை)



திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு தவக்காலத்தைத் தொடங்கினோம். அன்று நாம் கேட்ட நற்செய்தி மத்தேயு ஆறாம் அதிகாரம். தர்மம் செய்யும்போது தம்பட்டம் அடிக்க வேண்டாம், வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்று ஆண்டவர் அதில் நம்மைக் கேட்டுக்கொள்கிறார். ஒவ்வோர் ஆண்டும் கேட்கிற வாசகம்தான். ஆனால் இன்று நம் எல்லோர் கையிலும் ஒரு தம்பட்டம் இருக்கிறது. அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறோம், இரவில் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறோம். அன்னதானம், இரத்ததானம், வெள்ள நிவாரணம் என்று எது செய்தாலும் படம் எடுக்கிறோம், பதிவிடுகிறோம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்க்கிறோம்.

இதனால் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் உண்மையில் நன்மை உண்டா? அல்லது நாம் நம்மையே கொண்டாடிக்கொள்கிறோமா? பலர் நம்மிடம் கேட்கும் கேள்வி இது. உலகம் முழுவதும் அறிந்த ஒரு நிகழ்வை வைத்து இன்று இதைச் சிந்திப்போம்.

2014-ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களை நினைத்துப் பாருங்கள். ஐஸ் கட்டி போட்ட ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு அதை வீடியோ எடுத்துப் போடும் 'ஐஸ் பக்கெட் சவால்' அமெரிக்காவில் பரவியது. ஊற்றிக்கொண்டவர் மூன்று பேரின் பெயரைச் சொல்லி அழைப்பார். அவர்கள் 24 மணி நேரத்துக்குள் தாங்களும் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் 100 டாலர் தர வேண்டும். ஊற்றிக்கொண்டும் பணம் கொடுத்தவர்கள் பலர்.

முதலில் இது எந்த நோய்க்கும் உரியதாக இருக்கவில்லை. யார் எந்த நற்பணிக்கு விரும்பினாலும் கொடுக்கலாம் என்றிருந்தது. ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஒரு கோல்ஃப் ஆட்டக்காரர் தம் உறவினர் ஒருவருக்கு இருந்த ஏ.எல்.எஸ். நோயை நினைத்து, அதற்காகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். அதே நோயால் துன்புற்ற பேட் குவின், பீட் ஃப்ரேட்ஸ் என்ற இரண்டு இளைஞர்களும் அவர்களுடைய நண்பர்களும் அதை ஊரெங்கும் பரப்பினார்கள். பீட் ஃப்ரேட்ஸ் பாஸ்டன் கல்லூரியின் பேஸ்பால் அணித் தலைவராக இருந்தவர். 27 வயதில் நோய் உறுதிசெய்யப்பட்டது. சவால் பரவிய நேரத்தில் அவரால் பேச முடியாது, சக்கர நாற்காலியில்தான் இருந்தார்.

ஏ.எல்.எஸ். என்பது தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாக அழிந்துபோகும் நோய். நம் ஊர் மருத்துவர்கள் மோட்டார் நியூரான் நோய் என்று சொல்வார்கள். முதலில் கை ஓயும், அல்லது கால் ஓயும். பிறகு பேச்சு குழறும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு விடும் தசைகளும் தளர்ந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு அறிவு மட்டும் தெளிவாக இருக்கும். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, கேட்டுக்கொண்டு, படுத்தே இருப்பார்கள். இதைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை.

அந்தக் கோடையில் ஃபேஸ்புக்கில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் வீடியோக்கள் போடப்பட்டன. அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு ஏறக்குறைய எட்டு வாரங்களில் 11 கோடியே 50 லட்சம் டாலர் வந்து சேர்ந்தது.

சகோதர சகோதரிகளே, அந்த அலை நம் நாட்டுக்கும் வந்தது. அப்போது நாம் பணியாற்றிய பங்கிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் இளைஞர்கள் கோயில் வளாகத்தில் வாளிகளோடு கூடிவிட்டார்கள். மீன் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வந்திருந்தார்கள். ஒருவர் தலையில் ஒருவர் ஊற்றினார்கள். "ஃபாதர், நீங்களும் வாங்க" என்று இழுத்தார்கள். நம் தலையிலும் ஒரு வாளி விழுந்தது. எல்லோரும் சிரித்தோம், நாமும் சிரித்தோம். அன்று மாலைக்குள் பங்கு முழுவதும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டது.

அது எந்த நோய்க்காக என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. ஓர் உண்டியல் வைக்க வேண்டும் என்ற எண்ணமும் யாருக்கும் வரவில்லை. நமக்கும் வரவில்லை.

சில வாரங்கள் கழித்து, முதல் வெள்ளிக்கிழமை. நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோனோம். அந்த மாதம் பட்டியலில் புதிதாக ஒரு வீட்டைச் சேர்த்திருந்தார்கள். கோயிலிலிருந்து நான்கு தெரு தள்ளி இருந்த வீடு. தையல் கடை வைத்திருந்தவர். முதலில் கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் கை ஓய்ந்தது, பிறகு கால். நாம் போனபோது பேச்சும் தெளிவாக இல்லை. அவருடைய மனைவி நம்மிடம் சொன்னார்: "ஃபாதர், இவருக்கு வந்திருக்கிறதும் அந்த வாளித் தண்ணி நோய்தான். டாக்டர் வேற ஏதோ பேரு சொன்னாரு. பையன்தான் போன்ல காட்டி, அதுவும் இதுவும் ஒண்ணுதான்னு சொன்னான். நீங்க ஊத்திக்கிட்டதையும் பார்த்தோம். இவரு சிரிச்சாரு ஃபாதர்."

அந்த அம்மா குறையாகச் சொல்லவில்லை, மகிழ்ச்சியாகத்தான் சொன்னார். கணவர் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது. ஆனால் நமக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. நான்கு தெரு தள்ளிப் படுத்திருந்த ஒருவருடைய நோயின் பெயரால் நாம் விளையாடியிருக்கிறோம். அவர் நம்மைப் பார்த்தார். நாம் அவரைப் பார்க்கவில்லை.

இந்த இரண்டையும் சேர்த்தே நாம் சிந்திக்க வேண்டும். அவர் சிரித்ததும் உண்மை, நாம் போகாமல் இருந்ததும் உண்மை.

முதலில் குறைகளைப் பார்ப்போம். வீடியோ போட்டவர்கள் 1 கோடியே 70 லட்சம் என்றோம். அமெரிக்கச் சங்கத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் ஏறக்குறைய 25 லட்சம் பேர். வேறு நாடுகளில் வேறு சங்கங்களுக்குக் கொடுத்தவர்களும் உண்டு. அவர்களையும் சேர்த்துக்கொண்டாலும், தண்ணீர் ஊற்றியதோடு நின்றுவிட்டவர்கள் ஏராளம். நம் பங்கைப் போல. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அந்தச் சங்கம் மறுபடியும் அதே சவாலை அறிவித்தது. முந்தைய ஆண்டின் தொகையில் மிகச் சிறிய பங்குதான் வந்தது. நோயாளிகள் அப்படியே இருந்தார்கள், பார்த்தவர்கள் வேறு வேடிக்கைக்குப் போய்விட்டார்கள். உயிர்ச்சேதமும் உண்டு. கென்டக்கி மாநிலத்தில், கல்லூரி மாணவர்கள்மேல் ஏணி வண்டியிலிருந்து தண்ணீர் ஊற்றி உதவப் போன தீயணைப்பு வீரர்கள், உயர் அழுத்த மின்கம்பிக்கு மிக அருகில் போய்விட்டதால் மின்சாரம் தாக்கி விழுந்தார்கள். அவர்களில் ஒருவர் ஒரு மாதம் கழித்து இறந்துபோனார். வேடிக்கைக்கு நாம் கொடுக்கும் விலை சில நேரங்களில் இப்படியும் ஆகிவிடுகிறது.

இனி நன்மைகளையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பார்கள் நம் பெரியவர்கள். அந்தச் சங்கம் அளந்து போட்டது. வந்த பணத்தில் 7 கோடியே 70 லட்சம் டாலர் ஆராய்ச்சிக்கும், 2 கோடியே 30 லட்சம் டாலர் நோயாளிகளின் பராமரிப்புக்கும் ஒதுக்கியதாகக் கணக்கை வெளியிட்டது. 2016-இல், அந்தப் பணத்தின் உதவியோடு பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, இந்த நோயோடு தொடர்புடைய நெக்-1 என்ற மரபணுவை அடையாளம் கண்டார்கள். கல்லூரியில் படிக்கும்போதே இரண்டு மாணவர்கள் யோசித்த ஒரு மருந்துக்கும் அந்தப் பணத்திலிருந்து 22 லட்சம் டாலர் போனது. அந்த மருந்துக்கு அமெரிக்க அரசு 2022-இல் அனுமதி அளித்தது. நோயாளிகளின் குடும்பங்கள் அழுது மகிழ்ந்தன. ஆனால் 2024-இல் பெரிய அளவில் நடத்திய சோதனையில் அது பலன் தரவில்லை என்று தெரிந்தது. தயாரித்த நிறுவனமே அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது.

இதைக் கேட்டு, 'அப்படியானால் எல்லாம் வீண்தானே' என்று சிலர் சொல்லலாம். வீண் இல்லை. எந்த மருந்து உதவாது என்று தெரிந்துகொள்வதும் ஆராய்ச்சியின் ஒரு படி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வாளியைக் கவிழ்க்க ஒரு நிமிடம் ஆனது. அந்தப் பணம் வேலை செய்யப் பத்து ஆண்டுகள் ஆகியும் பாதி வழிதான் வந்திருக்கிறோம். பீட் ஃப்ரேட்ஸ் 2019-இல் இறந்தார், பேட் குவின் 2020-இல் இறந்தார். தாங்கள் கிளப்பிய அலையின் முழுப் பலனை அவர்கள் இருவரும் பார்க்கவில்லை. தொடங்கிவைத்துவிட்டுப் போனார்கள்.

அப்படியானால் ஆண்டவர் சொன்ன தம்பட்டம் எது? இதே மலைப்பொழிவில், ஓர் அதிகாரத்துக்கு முன்னால், நம் ஒளி மனிதர் முன் ஒளிரட்டும், நம் நற்செயல்களை அவர்கள் காணட்டும் என்றும் ஆண்டவர் சொல்லியிருக்கிறார். காட்டச் சொன்னவரும் அவரே, மறைக்கச் சொன்னவரும் அவரே. முரண்பாடு இல்லை. அங்கே, பார்க்கிறவர்கள் விண்ணகத் தந்தையைப் புகழ்வார்கள். இங்கே, பார்க்கிறவர்கள் செய்கிறவனைப் புகழ்வார்கள். பார்க்கிறவர்களின் கண் கடைசியில் யார்மேல் போய் நிற்கிறது என்பதே வேறுபாடு.

மாற்கு நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. கப்பர்நாகும் ஊரில் முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். வாசலில் கூட்டம், உள்ளே போக முடியவில்லை. கூரையில் ஏறினார்கள், அதைப் பிரித்தார்கள், படுக்கையோடு அவரைக் கீழே இறக்கினார்கள். அன்று அந்த ஊரில் அதைவிடப் பெரிய வேடிக்கை இருந்திருக்காது. எல்லோர் தலையிலும் மண் கொட்டியிருக்கும். ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டார் என்று நற்செய்தி சொல்கிறது.

ஏன் கடிந்துகொள்ளவில்லை? அந்த நான்கு பேரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. கூரையைப் பிரித்தவர்கள் மேலேயே நின்றுவிட்டார்கள், நடுவில் ஆண்டவர் முன் இறங்கியவர் நோயாளி. கூரையைப் பிரிப்பதற்கு முன்பே அவர்கள் அவரைத் தோளில் சுமந்து வந்திருந்தார்கள். சுமந்தவர்கள் கூரையைப் பிரிக்கலாம். சுமக்காதவன் கூரையைப் பிரித்தால் அது வீட்டுக்காரருக்கு நஷ்டம் மட்டுமே.

திருத்தூதர் பவுலையும் பாருங்கள். எருசலேமில் வறுமையில் வாடிய இறைமக்களுக்காக அவர் நிதி திரட்டினார். அவரும் ஒரு வகையில் சவால் விட்டவர்தான். கொரிந்து மக்களின் ஆர்வத்தைப் பற்றி மாசிதோனியாவில் பெருமையாகச் சொன்னார். மாசிதோனியர் தங்கள் வறுமையிலும் வாரிக் கொடுத்ததைக் கொரிந்தியருக்கு எழுதினார். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழும்பட்டும் என்று விரும்பினார். ஆகவே பிறரைத் தூண்டுவது பாவமல்ல. ஆனால் பவுல் அதோடு நிற்கவில்லை. வாரத்தின் முதல் நாள்தோறும் ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கு ஏற்ப ஒரு தொகையை எடுத்து வைக்க வேண்டும் என்று ஒழுங்கு செய்தார். பணத்தைக் கொண்டுபோகத் தீத்துவோடு நம்பிக்கையான சகோதரர்களையும் அனுப்பினார். இவ்வளவு பெரிய தொகையைக் கையாளும்போது யாரும் தங்கள்மேல் குறை சொல்லக்கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார். தூண்டுதல், ஒழுங்கு, கணக்கு ஆகிய மூன்றும் சேர்ந்ததால்தான் அந்த உதவி எருசலேம் போய்ச் சேர்ந்தது.

கணக்குக் கேட்பது அவநம்பிக்கை அல்ல, நம் கடமை. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் சின்சினாட்டி உயர்மறைமாவட்டம் தன் பள்ளிகளுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. அந்தச் சங்கம் ஆதரித்த ஆய்வுகளில் ஒன்று, மனிதக் கருவை அழித்துப் பெறப்படும் மூலச்செல்களைப் பயன்படுத்தியது. ஆகவே அந்தப் பணத்தை, அப்படிச் செய்யாத வேறோர் ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்புங்கள் என்று அது கேட்டுக்கொண்டது. பிள்ளைகளின் இரக்கத்தை அது தடுக்கவில்லை, அந்த இரக்கம் போய்ச் சேரும் இடத்தைக் கவனித்தது. ஒருவர் நோய் தீர இன்னொரு உயிரை விலையாகக் கொடுக்க முடியாது என்பது நம் திருச்சபையின் உறுதியான படிப்பினை. கைபேசியில் ஒரு பொத்தானை அழுத்திப் பணம் அனுப்பும் நாமும், அது எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று கேட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

அதே ஆகஸ்டில் ஹைதராபாத்தில் ஒரு பத்திரிகையாளர் இந்தச் சவாலை நம் நாட்டுக்கு ஏற்ப மாற்றினார். தண்ணீருக்குப் பதிலாக ஒரு வாளி அரிசியை ஏழைக்குக் கொடுங்கள் என்றார். பலர் கொடுத்தார்கள், நல்ல மாற்றம்தான். அதைக் கேட்டபோது நமக்கு நம் பாட்டிமார் நினைவு வந்தது. சமைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். பிடியரிசி என்போம். மாதக் கடைசியில் அது கோயிலுக்கோ ஏழை வீட்டுக்கோ போகும். யாரும் பார்த்ததில்லை, பேசியதில்லை. ஆனால் எந்த நாளும் நின்றதில்லை. பவுல் கொரிந்தியருக்குச் சொன்ன ஒழுங்கை நம் பாட்டிமார் அடுப்படியில் கடைப்பிடித்தார்கள்.

இன்னொரு சவாலையும் சொல்ல வேண்டும். 1833-இல் பாரிஸ் நகரில் ஃப்ரெடெரிக் ஓசனாம் என்ற 20 வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் ஒரு விவாதக் கூட்டத்தில் திருச்சபைக்காக வாதாடினார்கள். எதிரணியினர் கேட்டார்கள்: உங்கள் திருச்சபை அன்று செய்ததெல்லாம் இருக்கட்டும், இன்று ஏழைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அந்தக் கேள்வி அந்த மாணவர்களைச் சுட்டது. அவர்கள் தங்களிடம் இருந்த விறகை எடுத்துக்கொண்டு ஓர் ஏழை வீட்டுக்குப் போனார்கள். வின்சென்ட் தே பவுல் சபை அப்படித்தான் பிறந்தது. இன்றும் நம் பங்குகளில் அந்தச் சபையார் வாரம்தோறும் கூடுகிறார்கள், வீடு வீடாகப் போகிறார்கள், யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதை வெளியில் சொல்வதில்லை. சவாலுக்குப் பதிலாக அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அதனால்தான் அது இவ்வளவு காலம் நிற்கிறது.

பிரியமானவர்களே, கைபேசியைத் தூக்கி எறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. வெள்ளக் காலத்தில் ஒரு செய்தி பரவி ஊருக்கே சோறு வந்ததைப் பார்த்திருக்கிறோம். இரத்தம் வேண்டும் என்ற ஒரு பதிவு உயிரைக் காப்பாற்றியதையும் பார்த்திருக்கிறோம். ஆனால் இந்தத் தவக்காலத்தில், எதையாவது பதிவிடுவதற்கு முன் மூன்று கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்வோம்.

முதலாவது, இதில் நடுவில் இருப்பது யார்? அரிசிப் பையைக் கொடுக்கும்போது வாங்குகிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், நாம் "இங்கே பாருங்கம்மா" என்கிறோம். அந்தப் படத்தை அவருடைய பிள்ளைகளும் பள்ளித் தோழர்களும் பார்ப்பார்கள். ஒரு பை அரிசிக்கு ஒருவருடைய மானத்தை விலையாக வாங்க நமக்கு உரிமை இல்லை. தேவையைச் சொல்லுங்கள், முகத்தைக் காட்டாதீர்கள்.

இரண்டாவது, கொடுத்தது எங்கே போய்ச் சேர்ந்தது? கணக்குத் தருகிறவர்களிடம் கொடுங்கள். நாம் திரட்டினால் நாமும் கணக்குத் தருவோம், அன்பியக் கூட்டத்தில் படித்துக் காட்டுவோம்.

மூன்றாவது, அலை அடங்கிய பிறகு என்ன? அடுத்த வாரமும் அடுத்த மாதமும் யார் போவது? அதற்குப் பதில் இல்லையென்றால், முதலில் அந்தப் பதிலைத் தேடுவோம். பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தத் தையற்காரரின் வீட்டைப் பற்றிச் சொல்லி முடித்துக்கொள்கிறோம். அந்த முதல் வெள்ளிக்குப் பிறகு வாளி ஊற்றிய இளைஞர்களை அழைத்துப் பேசினோம். யாரையும் திட்டவில்லை, திட்ட நமக்குத் தகுதியும் இல்லை. அந்தத் தெரு அன்பியத்தாரோடு சேர்ந்து அவர்கள் ஒரு முறை வகுத்துக்கொண்டார்கள். தினமும் மாலையில் இருவர் போவார்கள். அவரைப் புரட்டிப் படுக்கவைப்பார்கள், பக்கத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் பற்றிப் பேசுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அந்த அம்மா கடைக்குப் போய் வருவார், சில நாள் கோயிலுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருப்பார். ஒன்றரை ஆண்டு இப்படி நடந்தது. கடைசி மாதங்களில் அவரால் நற்கருணையை விழுங்க முடியவில்லை. சிறு துணுக்கு ஒன்றை ஒரு கரண்டித் தண்ணீரோடு கொடுப்போம். அந்தக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பான், முன்பு நம் தலையில் வாளியைக் கவிழ்த்த அதே பையன்.

அதை யாரும் படம் எடுக்கவில்லை. மறைவில் காண்கிற தந்தை கண்டிருப்பார்.

மன்றாடுவோம். ஆண்டவரே, முடக்குவாதமுற்றவரைச் சுமந்து வந்த நால்வரின் நம்பிக்கையை நீர் கண்டீர். எங்கள் கைகள் செய்வதைப் பிறர் காண வேண்டும் என்ற ஆசையிலிருந்து எங்களை விடுவியும். நான்கு தெரு தள்ளிப் படுத்திருப்பவரைக் காணும் கண்களைத் தாரும். கூரையைப் பிரிக்கும் துணிவையும், அதற்கு முன் சுமக்கும் பொறுமையையும், எல்லோரும் கலைந்துபோன பிறகும் போய்வரும் அன்பையும் எங்களுக்குத் தாரும். நோயில் வாடும் எல்லோரையும், அவர்களை இரவும் பகலும் பராமரிக்கும் குடும்பத்தினரையும் உம் கரங்களில் ஒப்படைக்கிறோம். ஆமென்.